சித்தியின் மூக்கு

போன வாரம் இந்தப் பக்கத்தில் நார்த்தங்காய் ஊறுகாயைப் பற்றி எழுதியிருந்தேன். இந்த வாரம் சுருட்டு!

"ஐயையே, குடும்பப் பத்திரிகையில் சுருட்டா?" என்று முகத்தைச் சுளித்துக்கொண்டு தொடர்கதைக்குத் தாண்டிப் போய்விடாதீர்கள், சகோதரிகளே! சுருட்டுக்கும் தொடர்கதைக்கும் ஒரு பழைய சம்பந்தம் உண்டு. அதைச் சொல்லத்தான் போகிறேன். அதற்கு முன்னால், மைலாப்பூரில் இருக்கும் என் சித்தி வீட்டு மொட்டை மாடிக்கு உங்களை அழைத்துக்கொண்டு போக வேண்டும்.

சித்தி டெலிபோனில் கூப்பிட்டாள். "ஞாயிற்றுக்கிழமை சாயந்திரம் வந்துட்டுப் போடி. உங்க சித்தப்பா ஏதோ பரீட்சை நடத்தப் போறாராம். பக்கத்துல உக்காந்து எழுத ஆள் வேணுமாம்."

"என்ன பரீட்சை, சித்தி?"

"சுருட்டுப் பரீட்சை!" என்று சொல்லிவிட்டு டக்கென்று பேச்சை முடித்துக்கொண்டாள். அவள் முடித்த விதத்திலிருந்து அந்த வீட்டில் மூன்று நாளாகச் சண்டை நடந்திருக்க வேண்டும் என்று ஊகித்தேன். என் ஊகம் தப்பு. நாலு நாளாம்.

சித்தப்பா கப்பலில் என்ஜினீயராக இருந்தவர். வருஷத்தில் எட்டு மாதம் கடலில், நாலு மாதம் வீட்டில். வீட்டில் இருக்கும் நாலு மாதமும் சுருட்டு. எந்தத் துறைமுகத்தில் இறங்கினாலும் அந்த ஊர்ச் சுருட்டு ஒன்றை வாங்கிப் பிடித்துப் பார்த்துவிட்டு, அதற்கு நூற்றுக்கு இத்தனை மார்க் என்று ஒரு நோட்டுப் புஸ்தகத்தில் குறித்து வைப்பார். சிறு வயதில் எனக்கு அந்த நோட்டைப் பார்த்தால் வேடிக்கையாக இருக்கும். ஊர், தேதி, மார்க். வேறு ஒரு வார்த்தை கிடையாது. எங்கள் கணக்கு வாத்தியார் தோற்றார்!

நாலு வருஷத்துக்கு முன்னால் அவருக்குக் குரல் கம்மியது. சளி என்று ஒரு மாதம் கஷாயம் குடித்தார். சளி இல்லை, குரல்வளையில் புற்று. ஆபரேஷன் செய்து குரல்வளையையே எடுத்துவிட்டார்கள். "சுருட்டினால்தானா, டாக்டர்?" என்று சித்தி கேட்டதற்கு, "வேறு எதனால் என்று நினைக்கிறீர்கள், அம்மா?" என்று அவர் திருப்பிக் கேட்டாராம். சுருட்டுப் புகையை யாரும் நெஞ்சுக்குள் இழுப்பதில்லை, வாயோடு வைத்து விட்டுவிடுகிறார்கள், ஆகவே சிகரெட்டைப்போல் கெடுதல் இல்லை என்று சித்தப்பா முப்பது வருஷமாக வாதாடியிருந்தார். ஆனால் ஒரு பெரிய சுருட்டில் ஏறக்குறைய ஒரு பாக்கெட் சிகரெட்டில் உள்ள புகையிலை இருக்கும். அதிலுள்ள நிகோடின் நெஞ்சுக்குப் போக வேண்டிய அவசியமே இல்லாமல் வாயின் உள்தோல் வழியாகவே ரத்தத்தில் ஏறிவிடும். நாக்கு, வாய், தொண்டை, குரல்வளை என்று புகை தங்கும் இடமெல்லாம் அதற்குச் சொந்த வீடு.

இப்போது சித்தப்பாவுக்குக் கழுத்தில் ஒரு சிறு துவாரம். அதன் வழியாகத்தான் மூச்சு. விரலால் அதை அடைத்துக்கொண்டால், உள்ளே பொருத்தியிருக்கும் ஒரு சின்னக் குமிழின் தயவால் கரகரவென்று பேச்சு வரும். அவருக்கு அந்தக் குரல் பிடிக்கவில்லை. பெரும்பாலும் எழுதித்தான் காட்டுவார். ஆனால் எங்களில் ஒருவருக்கும் முன்கூட்டித் தோன்றாத நஷ்டம் வேறொன்று. மூச்சுக் காற்று மூக்கு வழியாகப் போனால்தானே வாசனை தெரியும்? மூக்கு பாட்டுக்கு மூக்காக முகத்தில் இருக்கிறது; அதன் உத்தியோகம் போய்விட்டது. ஆஸ்பத்திரியிலிருந்து வந்த மறுநாள் சித்தி போட்டுக் கொடுத்த காப்பியை முகர்ந்து பார்த்துவிட்டு, "வெந்நீரா?" என்று எழுதிக் காட்டினாராம். அதை என்னிடம் சொன்னபோது சித்தி சிரித்துக்கொண்டேதான் சொன்னாள். சொல்லி முடித்ததும் உள்ளே போய்விட்டாள்.

இனிமேல் சுருட்டுக் கதைக்கு வருகிறேன்.

2012-ல் சித்தப்பாவின் கப்பல் கியூபாவில் ஹவானா துறைமுகத்தில் நின்றது. அங்கே ஒரே ஒரு சுருட்டு வாங்கினார். 'மாண்டிகிறிஸ்டோ 520' என்று பெயர். என்ன விலை கொடுத்தார் என்பதை அன்றிலிருந்து இன்றுவரை சித்தியிடம் சொல்லவில்லை. ஒரு நல்ல நாளில் பிடிக்கலாம் என்று தேவதாரு மரப்பெட்டி ஒன்றில் போட்டு வைத்தார். பெண்ணின் கல்யாணம் வந்தது, பிடிக்கவில்லை. ரிடையர் ஆனார்; பிடிக்கவில்லை. அப்புறம் பிடிக்கவே முடியாமற் போயிற்று.

பத்து வருஷத்துக்கு மேல் ஒரு சுருட்டை மெட்ராஸ் சீதோஷ்ணத்தில் காப்பாற்றுவது சாமானியமான காரியம் அல்ல. காற்றில் ஈரம் நூற்றுக்கு அறுபத்தைந்திலிருந்து எழுபதுக்குள் இருக்க வேண்டும். குறைந்தால் இலை அப்பளமாக நொறுங்கிவிடும்; ஏறினால் பூஞ்சைக் காளான் பூத்துவிடும். உஷ்ணம் ஏறினாலோ வண்டு! இந்த வண்டு உங்களுக்கும் தெரிந்த ஆசாமிதான். மஞ்சளிலும் கொத்துமல்லி விதையிலும் மிளகாயிலும் புகுந்து குண்டூசித் துவாரம் போட்டுப் பொடியாக உதிர்க்குமே, சின்னஞ்சிறு பழுப்பு வண்டு, அதேதான். புகையிலையும் மஞ்சளும் அதற்கு ஒன்று. இதற்குச் சித்தப்பா கண்ட பரிகாரம், சுருட்டை இரண்டு பைகளில் இறுகக் கட்டி ஐஸ் அறையில் சில நாள் வைத்து எடுப்பது. பட்டாணிப் பாக்கெட்டுக்குப் பக்கத்தில் அது இருப்பதைச் சித்தி கண்டுபிடித்த தினம் அந்த வீட்டில் சமையல் நடக்கவில்லை.

அப்படிப்பட்ட சுருட்டை இப்போது ஏன் எடுக்க வேண்டும்? சித்தப்பாவோடு கப்பலில் இருந்த காப்டன் மாமா கோயமுத்தூரில் இருக்கும் மகள் வீட்டுக்கு நிரந்தரமாகக் குடிபோகிறார். சுருட்டின் ருசி தெரிந்து, நம்பிக்கையாக மார்க் போடக்கூடியவர் என்று சித்தப்பா ஒப்புக்கொள்ளும் ஒரே மனிதர் அவர். மாமா போய்விட்டால் அந்தச் சுருட்டு எப்படி இருந்தது என்று உலகத்தில் யாரும் சொல்லப் போவதில்லை. ஆகவே, மாமா பிடிப்பார், சித்தப்பா மார்க் வாங்கிக் குறித்துக்கொள்வார் என்று ஏற்பாடு. "குப்பையிலே போடுங்க" என்று சித்தி நாலு நாள் சொன்னாள். ஐந்தாம் நாள் நிபந்தனைகள் போட்டாள். வீட்டுக்குள் கூடாது, மாடியில்தான். சித்தப்பா காற்று வரும் பக்கம் உட்கார வேண்டும், கழுத்தில் துணி கட்டிக்கொண்டு. பேரன் மேலே வரக் கூடாது. மாமா வாய் கொப்பளித்துவிட்டுத்தான் காப்பி கேட்க வேண்டும்.

இப்போது உங்களுக்கு ஒரு சந்தேகம் வரலாம். ஒரு சுருட்டில் அப்படி என்ன இருக்கிறது? எனக்கும் வந்தது. சித்தப்பாவின் அலமாரியில் இருந்த புஸ்தகங்களை இரண்டு நாள் புரட்டினேன். புகையிலையைப் பற்றி என் அபிப்பிராயம் மாறவில்லை. ஆனால் அதைச் செய்கிற கைகளைப் பற்றித் தெரிந்துகொண்டதை உங்களிடம் சொல்லாமல் இருக்க முடியாது.

கியூபாவின் மேற்கு மூலையில் பினார் டெல் ரியோ என்று ஒரு மாகாணம். அங்கே வுயெல்டா அபாஹோ என்ற செம்மண் பூமியில்தான் பேர்போன இலை விளைகிறது. சுருட்டின் மேலே சுற்றும் இலைக்காக வளர்க்கும் செடிகளுக்கு வெயில் நேராகப் படக் கூடாது என்று வயல் முழுவதற்கும் மெல்லிய துணிப் பந்தல் போடுகிறார்கள். நம் வீட்டுக் கல்யாணத்துக்குக்கூட அவ்வளவு பெரிய பந்தல் போட்டதில்லை. இலைகளை அடியிலிருந்து மேலாக, நாள் விட்டு நாள் விட்டுக் கிள்ளி எடுப்பார்கள். அடி இலை நன்றாக எரியும். நடு இலைக்கு வாசனை. மேலே வெயிலைக் குடித்த இலைக்குக் காரம். ரசத்துக்குப் பருப்புத் தண்ணீர், புளி, மிளகு மாதிரி, மூன்றும் சேர வேண்டும். பறித்த இலைகளை ஊசி நூலால் ஜோடி ஜோடியாகக் கோத்துக் கழியில் தொங்கவிட்டு உலர்த்துகிறார்கள். நாம் பூத் தொடுக்கிற மாதிரி! பிறகு குவித்து மூடி வைத்தால் தானாகச் சூடேறிப் புளிக்கும். அப்போது கிளம்பும் நெடியில் கண்ணில் நீர் வருமாம். அந்த நெடி போகப் போகத்தான் இலை சாதுவாகும்.

வருஷத்துக்குச் சில ரகங்களை மட்டும் 'எடிசியோன் லிமிடாடா', அதாவது 'இவ்வளவுதான், இதற்கு மேல் கிடையாது' என்று விசேஷமாக வெளியிடும் வழக்கம் 2000-ல் ஆரம்பித்தது. பந்தலில் வளர்ந்த செடியின் மேல் இலைகளை எடுத்து, குறைந்தது இரண்டு வருஷம் ஆறப் போட்டு, கறுத்துப் போன அந்த இலையால் சுற்றுவார்கள். 2007 முதல் உள்ளே வைக்கும் இலைகளுக்கும் இரண்டு வருஷ விரதம். வழக்கமான காகித மோதிரத்துக்குக் கீழே கறுப்பும் தங்கமுமாக இன்னொரு மோதிரம் போட்டு வருஷத்தையும் அச்சடித்துவிடுவார்கள். சித்தப்பாவின் சுருட்டு 2012-ஆம் வருஷத்துச் சரக்கு. கொலம்பஸ் கியூபாவில் கால் வைத்தது 1492. அவருடைய ஆட்கள் இரண்டு பேர் தீவுக்குள் போய், ஜனங்கள் இலையைச் சுருட்டிக் கொளுத்திப் புகை விடுவதைப் பார்த்துவிட்டு வந்து வாய் பிளந்தார்கள். அதிலிருந்து 520 வருஷம். அதனால்தான் அந்தப் பெயர்.

சுருட்டுச் சுற்றுகிற வேலையைப் பற்றி ஒரு விரசமான கதை ஊரெல்லாம் உலவுகிறது. கியூபாவில் பெண்கள் தொடையில் வைத்து உருட்டுவதால்தான் அந்த ருசி என்று. காப்டன் மாமாவே ஒரு தரம் கண்ணைச் சிமிட்டிக்கொண்டு அதைச் சொல்லியிருக்கிறார். சுத்தப் பொய்! இலையின் நடு நரம்பை உரித்து எடுக்கிற பெண்கள் இலைகளை மடியில் விரித்து அடுக்கிக்கொள்வார்கள். நாம் முறத்தை மடியில் வைத்துக்கொண்டு முருங்கைக் கீரை ஆய்வதில்லையா? அதைப் பார்த்துவிட்டுப் போன எவரோ கட்டிவிட்ட கதை. சுற்றுவது மரப்பலகையில். கையில் பிறைச் சந்திரன் மாதிரி ஒரு தட்டைக் கத்தி. உள் இலைகளை விசிறி மடிப்பாகச் சேர்த்து, கட்டு இலையில் சுற்றி, கடைசியில் மேல் இலையைப் பட்டுப்புடவை மாதிரி சுருக்கமில்லாமல் இழுத்துக் கட்ட வேண்டும். கொழுக்கட்டை பிடித்தவர்களுக்குப் புரியும்: பூரணம் அதிகமானால் விரியும், குறைந்தால் தொய்யும். இறுக்கிச் சுற்றினால் புகை வராது. தளர்த்திச் சுற்றினால் பற்றிக்கொண்டு எரியும். நாளைக்கு நூறு சுருட்டு, நூறும் ஒரே கனம், ஒரே நீளம். ஒரு காலத்தில் இது ஆண்கள் மட்டும் செய்த வேலை. பெண்களுக்கு இலை உரிக்கும் கூலிதான். 1960-களில் ஹவானாவில் எல் லகுயிட்டோ என்ற இடத்தில் பெண்களுக்கே இந்த வேலையைச் சொல்லிக்கொடுத்து ஒரு தொழிற்சாலையை அவர்களிடம் ஒப்படைத்தார்கள். அங்கே உருவான கொஹிபா என்ற சுருட்டைத்தான் இன்றைக்குக் கியூபாவில் எல்லாவற்றிலும் உயர்த்தியாகச் சொல்கிறார்கள்.

சுற்றி முடித்த சுருட்டுகளைப் பெட்டியில் அடுக்குவதற்கு முன் நிறம் பிரிக்கிறவர்கள் வேறு. ஒரு பெட்டியில் இடது பக்கம் இருண்ட நிறத்தில் ஆரம்பித்து வலது பக்கம் போகப் போக வெளுத்துக்கொண்டே போக வேண்டும். நம் கண்ணுக்கு எல்லாம் ஒரே பழுப்பு. ரவிக்கைத் துணிக்குக் கடை கடையாக ஏறி இறங்குகிற நமக்கு அந்த வேலையின் கஷ்டம் தெரியாதா என்ன?

தொடர்கதைச் சம்பந்தத்தைச் சொல்கிறேன் என்றேன் அல்லவா? அது இதுதான். நாள் முழுவதும் வாய் பேசாமல் சுருட்டுச் சுற்றுகிறவர்களுக்கு அலுப்புத் தட்டாமல் இருக்க, 1865-ல் ஹவானாவில் எல் ஃபிகரோ என்ற தொழிற்சாலையில் ஒரு மேடை போட்டு, ஒருவரை உட்காரவைத்து உரக்கப் படிக்கச் சொன்னார்கள். அவருக்குச் சம்பளம் முதலாளி கொடுக்கவில்லை. தொழிலாளிகள் தங்கள் கூலியிலிருந்து ஆளுக்குக் கொஞ்சம் போட்டுக் கொடுத்தார்கள். முதலில் பத்திரிகைச் செய்தி, அப்புறம் நாவல். அடுத்து எந்தப் புஸ்தகம் என்று ஓட்டெடுப்பு! பிடித்திருந்தால் கத்தியால் பலகையில் தட்டுவார்கள். இருநூறு கத்திகள் சேர்ந்து தட்டினால் எப்படி இருக்கும், நினைத்துப் பாருங்கள். பிடிக்காவிட்டால் கத்தியைத் தரையில் போடுவார்கள். மறு வருஷமே சர்க்கார் பயந்துபோய்த் தடை போட்டது. பிற்பாடு வழக்கம் மறுபடி துளிர்த்துவிட்டது. 2012-ல் கியூபா அரசாங்கம் அந்த வாசிப்புத் தொழிலைத் தேசத்தின் கலாசாரச் சொத்து என்று அறிவித்தது. அப்படி வாசிக்கப்பட்ட கதைகளில் ஒன்று அலெக்ஸாந்தர் டூமாவின் 'மாண்டிகிறிஸ்டோ பிரபு'. தொழிலாளிகளுக்கு அதன்மேல் கொள்ளைப் பிரியம். 1935-ல் ஒரு புதுச் சுருட்டுக்குப் பெயர் வைத்தபோது அந்தப் பெயரையே வைத்துவிட்டார்கள். பெட்டியின் மேல் ஆறு வாள்கள் முக்கோணமாக நிற்கும் சித்திரம் இருக்கிறதே, அது அதனால்தான். இன்னொரு விஷயம் தெரியுமா? அந்த நாவலே 1844-ல் பாரிஸ் பத்திரிகை ஒன்றில் தொடர்கதையாகத்தான் ஆரம்பித்தது! ஆகவே நாமெல்லோரும் ஒரே ஜாதி.

ஞாயிற்றுக்கிழமை சாயந்திரம். மாடியில் கடல் காற்று நன்றாக வீசிக்கொண்டிருந்தது. கிழக்கே கைப்பிடிச் சுவரோரம் சித்தப்பா, கழுத்தில் வெள்ளைத் துணியோடு. பக்கத்தில் சித்தி, விசிறியோடு. மேற்கே, நாலைந்து கஜம் தள்ளி, காப்டன் மாமா. நடுவில் நான், நோட்டும் பேனாவுமாக.

சித்தப்பா பெட்டியைத் திறந்து சுருட்டை எடுத்தார். ஆறு அங்குலத்துக்குக் கொஞ்சம் அதிக நீளம். கட்டைவிரலைவிடப் பருமன். எண்ணெய் தடவின தேக்கு மாதிரி ஒரு மினுக்கு. இரண்டு காகித மோதிரங்களையும் மெல்லக் கழற்றினார்.

"அதை ஏன் கழட்டறீங்க? மோதிரம் இல்லேன்னா மாப்பிள்ளை யாருன்னு தெரியாதாக்கும்?" என்றாள் சித்தி.

தெரியக் கூடாது என்பதுதான் சாஸ்திரம். 1992-ல் அமெரிக்காவில் 'சிகார் அஃபிசியனாடோ' என்று சுருட்டுக்காகவே ஒரு பத்திரிகை ஆரம்பித்தார்கள். அதில் மோதிரத்தைக் கழற்றி நம்பர் போட்டுக் கொடுத்து, பெயர் தெரியாமலே ருசி பார்க்கச் சொல்லி நூற்றுக்கு மார்க் போடுகிறார்கள். பெயரைப் பார்த்ததும் நாக்கு பாதி மயங்கிவிடுகிறதாம். எந்தக் கடை மைசூர்பாகு என்று சொல்லாமல் கொடுத்துப் பாருங்கள், உண்மை விளங்கும்! மாமாவுக்கு இது என்ன சுருட்டு என்று நன்றாகத் தெரியும். இருந்தாலும் முறை முறைதான்.

மாமா சுருட்டைக் காதோரம் வைத்து லேசாக அழுத்தினார். சரசரவென்று சத்தம் வந்தால் உலர்ந்துவிட்டது என்று அர்த்தம். சத்தம் இல்லை. தலைப்பக்கம் தொப்பி மாதிரி ஒட்டியிருந்த இலையை மட்டும் ஒரே வெட்டு. கொளுத்தாமலே வாயில் வைத்து இழுத்துப் பார்த்தார். பிறகு நீளத் தீக்குச்சி. தீயைச் சுருட்டில் படவிடாமல் கீழே பிடித்து, அடி முழுவதும் ஒரே மாதிரி கனலும் வரையில் சுற்றிச் சுற்றிக் காட்டினார். அப்பளம் சுடுகிற பக்குவம்தான்.

முதல் புகை. மாமா கண்ணை மூடிக்கொண்டார். சித்தப்பா எழுதிக் காட்டினார்: "என்ன?"

"தேவதாரு... தோல்... கோக்கோ..." என்றார் மாமா.

சித்தப்பா பென்சிலை அழுத்தி எழுதினார்: "அது பத்திரிகையில் போட்டிருப்பது. நீ சொல்."

மாமா திணறினார். ஐயோ பாவம், நல்ல மனுஷர். காற்று எப்படி, திசை எப்படி என்று கேட்டால் இந்த நிமிஷமே சொல்லுவார். "நல்லா இருக்குப்பா... ரொம்ப உசத்தி..." என்றார். மறுபடி, "பிரமாதம்!" என்றார். சித்தப்பா எழுதவில்லை. நோட்டை மடியில் வைத்துக்கொண்டு சும்மா இருந்தார். காற்று எங்களிடமிருந்து மேற்கே அடித்துக்கொண்டிருந்தது. அத்தனை விலை கொடுத்து வாங்கிய புகை பக்கத்து வீட்டுத் தண்ணீர்த் தொட்டியின் மேலே போய்க் கரைந்துகொண்டிருந்தது. சித்தப்பா அது போகிற திசையையே பார்த்தார்.

சித்தி எழுந்தாள். கீழே போகப் போகிறாள் என்று நினைத்தேன். நாற்காலியைத் தூக்கிக்கொண்டு போய், மாமாவுக்கு அந்தப் பக்கம், புகை வருகிற திக்கில் போட்டுக்கொண்டு உட்கார்ந்தாள். முந்தானையை மூக்குக்குக் கொண்டுபோனவள், பிறகு கீழே விட்டுவிட்டாள்.

"காப்பிக்கொட்டை வறுக்கறப்போ, கறுக்கறதுக்குக் கொஞ்சம் முன்னாடி, கைவிடாமக் கிளறணும்னு தோணுமே, அந்த வாசனை" என்றாள். "அதுக்கு அடியிலே மரப்பெட்டி. புது மரம் இல்லே. எங்க அம்மா பட்டுப்புடவை வச்சிருந்த பெட்டி."

நான் எழுதுவதற்குள் சித்தப்பாவே எழுத ஆரம்பித்துவிட்டார்.

இந்தப் பருமன் சுருட்டு அணையாமல் எரிந்து முடிய ஒரு மணி நேரத்துக்கு மேல் ஆகும். அதை மூன்று பங்காக வைத்து ருசி பார்ப்பது வழக்கம். முன்னுக்குப் பின் மாறிக்கொண்டே வருமாம். சாம்பல் சாம்பல்நிறப் பட்டையாக ஒரு அங்குலத்துக்கு மேல் உதிராமல் நின்றது. சுற்றிய கையின் நேர்த்தி அதில் தெரியும் என்றார் மாமா. ஒரு பக்கம் மட்டும் ஓடி எரியவில்லை. இதையெல்லாம் நான் குறித்துக்கொண்டேன். மற்றது சித்தியின் இலாகா.

இரண்டாவது பங்கில், "வெல்லப்பாகு அடி பிடிக்கப் போறாப்பல. இன்னும் பிடிக்கலே. மிளகு இருக்கு, ஆனா தும்மல் வரலே" என்றாள். பிறகு சற்று நேரம் பேசாமல் இருந்துவிட்டு, "உங்க பர்மாச் சுருட்டு மாதிரி கம்பளி எரியற நாத்தம் இல்லே" என்றாள்.

சித்தப்பா நிமிர்ந்து பார்த்தார். பர்மாச் சுருட்டு அவர் ரங்கூனில் வாங்கியது. முப்பது வருஷம் ஆகியிருக்கும்.

கடைசிப் பங்கு வந்தபோது இருட்டிவிட்டது. "இப்போ கசக்கறது. ஈர மண்ணும் மாட்டுக் கொட்டிலும். நல்ல கொட்டில்தான், கழுவிவிட்ட கொட்டில். போதும், அணைச்சுடச் சொல்லுங்க" என்றாள். மாமாவும் அதையேதான் நினைத்திருந்தார் போலிருக்கிறது. சாம்பல் கிண்ணத்தில் வைத்துவிட்டார். சுருட்டை நசுக்கி அணைக்கக் கூடாதாம். வைத்துவிட்டால் தானாக அணையும், நாற்றம் குறையும். முப்பது வருஷத்தில் இதை ஏன் எனக்கு யாரும் சொல்லவில்லை என்று சித்தி கேட்டாள்.

காற்றாடும் மாடியானாலும் புகை புகைதான். எனக்குத் தலைவலி வந்துவிட்டது. பக்கத்தில் உட்காருகிறவர்களுக்கும் அது கெடுதல்தான் என்பது வைத்திய சாஸ்திரம் சந்தேகமறச் சொல்லும் விஷயம். சித்தி அதில் முப்பது வருஷம் உட்கார்ந்திருந்தவள்.

மாமா மார்க் போட்டார்: தொண்ணூற்று மூன்று. இரண்டு மார்க் நட்புக்காகச் சேர்த்திருப்பார் என்பது என் அபிப்பிராயம். சித்தப்பா நோட்டைச் சித்தியின் பக்கம் நீட்டினார்.

"நான் என்ன வாத்தியாரா, மார்க் போட?" என்றாள். "நல்ல வாசனைதான். இல்லேன்னு சொல்லலே. உங்க குரலைக் கொடுத்து வாங்கற அளவுக்கு நல்லா இல்லே."

ஒருவரும் பேசவில்லை. மாமா தொண்டையைக் கனைத்துக்கொண்டு வாய் கொப்பளிக்கக் கீழே இறங்கிப் போனார். சித்தப்பா மார்க் எழுதும் கட்டத்தைக் காலியாகவே விட்டுவிட்டார். அதற்குப் பக்கத்தில், முப்பது வருஷமாக ஒரு வார்த்தை எழுதாத நோட்டில், காப்பிக்கொட்டையும் பட்டுப்புடவைப் பெட்டியும் வெல்லப்பாகும் மாட்டுக் கொட்டிலும் பொடி எழுத்தில் நிரம்பியிருந்தன.

அப்புறம் அவர் நோட்டைப் பின்னுக்குப் புரட்டினார். முதல் பக்கத்துக்கே போய்விட்டார். ஒரு வரியின் மேல் விரலை வைத்து, மற்றொரு கை விரலால் கழுத்துத் துவாரத்தை அடைத்துக்கொண்டு, எங்களுக்கெல்லாம் பழகாத அந்தக் குரலில், "மணிலா. 1991. எப்படி இருந்தது?" என்று கேட்டார்.

"மணிலாவா? நம்ம பெண் பொறந்த வருஷம். முன் ரூம்லே பச்சைத் திரை போட்டிருந்தோம்" என்றாள் சித்தி. "வைக்கோல் வாசனை. துவைச்சா ஒரே துவையிலே போயிடும். அடுத்தது என்ன?"

"திருச்சி."

"அது போகவே போகாது! திரையையே மாத்தினோமே."

சித்தப்பாவின் தோள் குலுங்கியது. சிரிக்கிறார் என்று புரிய எனக்கு ஒரு நிமிஷம் ஆயிற்று. அவர் சிரிப்புக்கு இப்போது சத்தம் கிடையாது. பென்சிலை எடுத்து அந்த வரிக்குப் பக்கத்தில் எழுதினார். திருச்சி உறையூர்ச் சுருட்டு என்றால் சாமானியமா? இங்கிலீஷில் 'செரூட்' என்ற வார்த்தையே நம் 'சுருட்டு'தான். ஷெர்லக் ஹோம்ஸ் தம் முதல் கதையிலேயே கொலைகாரன் பிடித்தது திருச்சிச் சுருட்டு என்று சாம்பலைப் பார்த்துச் சொல்லிவிடுகிறார். சித்திக்குச் சாம்பல்கூட வேண்டாம்.

மாமா கீழே இருந்து காப்பிக்குக் குரல் கொடுத்தார். "டிகாக்ஷன் இறங்கிண்டிருக்கு!" என்று சித்தி பதில் கொடுத்தாள். ஆனால் எழுந்திருக்கவில்லை. நான்தான் போய்ப் பாலைக் காய்ச்சினேன். காப்பியை எடுத்துக்கொண்டு மறுபடி மாடி ஏறினபோது கொசு வந்துவிட்டது. சித்தி ஒரு கையால் விசிறிக்கொண்டே பேசிக்கொண்டிருந்தாள், அவர் எழுதிக்கொண்டிருந்தார். நான் கிளம்பும்போது 2003-க்கு வந்திருந்தார்கள்.